மலைத்தேனுக்கு ஒரு மூடி: காற்றும் புகக்கூடாது, கையும் புகக்கூடாது

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சரக்கு மலை இறங்குகிறது. ஒன்று பிளம்ஸ் ஜாம், இன்னொன்று தேன். கொடைக்கானலில் ஜாடியில் அடைத்து, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அனுப்புகிறோம். கீழே ஒரு கடையில் எங்கள் தேனை வாங்கிய ஒருவர், ஜாடியில் எங்கள் லேபிளும் எங்கள் மூடியும் அப்படியே இருக்க, உள்ளே பாகு கலந்திருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினார். படத்தைப் பார்த்தாலே எங்கள் தேன் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் யார் கை வைத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று காட்ட ஒன்றுமில்லை. திருகுமூடியைத் திறந்து மறுபடி மூடினால் அது புதுமூடி மாதிரியேதான் இருக்கும். அன்றைக்கு ஆரம்பித்த வேலை இது.

மூடிக்கு இரண்டு கடமை. காற்றை நிறுத்த வேண்டும்; யாராவது திறந்தால் காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பாகத்தின் தலையில் கட்டினால் இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும் என்பது என் கருத்து. சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறையான ஷ்ரிங்க் கவர் போட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது காற்றை நிறுத்துவதில்லை. காட்டிக்கொடுப்பதும் சுமார்தான்: அதே கவர் கடையில் யாருக்கும் கிடைக்கிறது, திறந்தவரே புதிதாக ஒன்றை மாட்டி ஹீட் கன் காட்டிவிட்டால் கதை முடிந்தது. அதனால் இரண்டு வேலையையும் பிரித்துக்கொண்டு, முதலில் காற்றின் பக்கம் வந்தேன்.

நாங்கள் பயன்படுத்துவது கண்ணாடி ஜாடி. மேலே 63 மில்லிமீட்டர் லக் கேப். தகர மூடியின் உள்விளிம்பில் நாலு பல் இருக்கும். கால் சுற்றுத் திருகினால் அந்தப் பற்கள் கண்ணாடியில் இருக்கும் சாய்ந்த வரிகளுக்கு அடியில் போய்ப் பிடித்துக்கொள்ளும். காற்றை நிறுத்துவது பல் இல்லை. மூடிக்குள் விளிம்பை ஒட்டி வட்டமாக ஓடும் பிளாஸ்டிசால் வளையம்தான் அந்த வேலையைச் செய்கிறது. தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும். குளிரில் விறைத்துப்போகும், சூட்டில் இளகும். ஜனவரி காலையில் இங்கே அறைக்குள் வைத்த மூடியை அப்படியே எடுத்துத் திருகினால், விறைத்த வளையம் கண்ணாடியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்குமே தவிரப் பதியாது. மூடியை 80 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து, சூடு ஆறுவதற்குள் திருக வேண்டும். மறுநாள் ஒரு மாதிரி ஜாடியைத் திறந்து வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடியின் விளிம்பு பதிந்த பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் சுற்றிலும் ஒரே ஆழத்தில், எங்கும் அறுபடாமல் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மெலிதாகவும் இருந்தால் ஏதோ ஒரு பல் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மலைக்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 79 கிலோபாஸ்கல், மதுரையில் 100. சிப்ஸ் பாக்கெட் மலை ஏற ஏற உப்புவதையும், இங்கே காலியாக மூடிய பிளாஸ்டிக் பாட்டில் காமக்காப்பட்டி சோதனைச் சாவடி போவதற்குள் நசுங்கிப்போவதையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கண்ணாடி நசுங்காது. அந்த வித்தியாசம் முழுவதும் மூடியின் மேல்தான் விழும். 63 மில்லிமீட்டர் மூடியின் பரப்பு 31 சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், மதுரைக்குப் போய்ச் சேரும்போது மூடியை வெளியிலிருந்து கூடுதலாக ஆறு கிலோவுக்கு மேல் அழுத்தும். மூடி நன்றாகப் பதிந்திருந்தால் இது நமக்கு லாபம்: இறங்க இறங்க இன்னும் இறுகும். பதியாமல் எங்கேயாவது மயிரிழை இடைவெளி இருந்தால், மலைப்பாதை முழுக்க ஜாடி காற்றை உறிஞ்சிக்கொண்டே போகும். கீழே போய்ச் சேரும்போது உள்ளே இருக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு வழியில் புகுந்ததாக இருக்கும். கூடவே தூசியும் ஈரமும்.

இதையே சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. காசு கொடுத்து வெற்றிடப் பம்பு வாங்க வேண்டாம், மலை இறங்கினால் போதும். செய்தது இதுதான். நன்றாகக் காய்ந்த காலி ஜாடிகளை எடுத்து, உள்ளே வாயை ஒட்டிச் சுற்றிலும் டிஷ்யூ தாளை நிறுத்தினேன். கொடைக்கானலிலேயே மூடி, மூடியிலும் கண்ணாடியிலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன், எந்தப் பக்கம் எது என்று பிறகு தெரிய வேண்டும் அல்லவா. திண்டுக்கல்லில் அக்கா வீட்டில், வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து, ஜாடிகளைத் தலைகீழாக அமுக்கி ராத்திரி முழுக்க வைத்தேன். மேலே கல் வைக்காவிட்டால் மிதக்கும். காலையில் வெளியே துடைத்துவிட்டுத் திறந்தால், பதிந்த ஜாடியில் தாள் வெள்ளை வெளேர் என்று இருக்கும். கசியும் ஜாடியில் நீலம் உள்ளே ஏறியிருக்கும். தாளில் கறை எங்கே ஆரம்பிக்கிறதோ அந்த இடத்தை மார்க்கர் கோட்டிலிருந்து அளந்து, கண்ணாடி விளிம்பில் அதே இடத்தைத் தேடினேன்.

பல ஜாடிகளில் கறை ஆரம்பித்த இடமும் கண்ணாடியின் அச்சு இணைப்புக் கோடும் ஒன்றாக இருந்தன. ஜாடியை இரண்டு பாதி அச்சில் வார்ப்பதால் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு விளிம்பின் மேல்வரைக்கும் ஏறியிருந்தால் அங்கே துளி மேடு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. மதுரையில் ஜாடி கொடுக்கும் அண்ணாச்சியிடம் சொன்னேன். "நகத்த ஓட்டிப் பாருங்க தம்பி. கண்ணுக்குத் தப்பினது நகத்துக்குத் தப்பாது" என்றார். அப்படியேதான். இப்போது ஜாடி வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் வாயிலும் கட்டைவிரல் நகத்தைச் சுற்றி ஓட்டுகிறோம். தட்டினால் அது தனி அட்டைப்பெட்டிக்குப் போகும், பருப்பு போட்டு வைக்கலாம்.

அடுத்து ஜாம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிச் சமையல் குறிப்பில் ஜாமை 105 டிகிரிக்கு வரும்வரை காய்ச்சச் சொல்வார்கள்; அது தண்ணீரின் கொதிநிலையைவிட ஐந்து டிகிரி கூடுதல் என்ற கணக்கு. அதே ஐந்து இங்கே 98. 105 வரட்டும் என்று காத்திருந்தால் ஜாம் மிட்டாயாகிவிடும். அதனால் நாங்கள் தெர்மாமீட்டரை நம்புவதைவிட கரைந்த சர்க்கரையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறோம். ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 85 டிகிரிக்குக் குறையாமல் ஜாடியில் ஊற்றி, மேலே அரை விரல் இடம் விட்டு மூடினால், அந்த இடத்தில் நிற்கும் நீராவி ஆறும்போது தண்ணீராகி, உள்ளே அழுத்தம் விழுந்து, மூடியின் நடுவில் லேசாக மேடிட்டிருக்கும் பொத்தான் 'டக்' என்று உள்ளே போகும். மூடிய பிறகு கொதிநீரில் வைக்கிற நேரமும் உயரத்தைப் பொறுத்தது. அமெரிக்க வேளாண் துறையின் வீட்டுப் பதப்படுத்தல் வழிகாட்டியில் பெரும்பாலான ஜாம்களுக்கு ஆயிரம் அடி வரை 5 நிமிடம், ஆறாயிரம் அடி வரை 10, அதற்கு மேல் 15 என்று இருக்கிறது. கொடைக்கானல் ஆறாயிரத்துக்கு மேல். நாங்கள் பதினைந்தையே வைத்துக்கொள்கிறோம்.

பிளம்ஸ் புளிப்பான பழம், அதனால் இந்தச் சூடு போதும். இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இங்கே மலைப்பூண்டு விளைகிறது. அதை உரித்து எண்ணெயில் போட்டுக் காற்றுப் புகாமல் அடைத்து விற்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். புளிப்பு இல்லாத ஈரப் பொருளைக் காற்றில்லாமல் அடைத்தால், காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. அதன் வித்து 93 டிகிரியில் சாகாது, 100 டிகிரியிலும் சாகாது. அழுத்தத்தில் 121 டிகிரி வரை ஏற்ற வேண்டும். மூடி எவ்வளவு அருமையாகப் பதிகிறதோ அவ்வளவு ஆபத்து. நம் பாட்டிமார் ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டியதில் நல்ல நியாயம் இருக்கிறது: உப்பும் புளிப்பும் காவல் நிற்கும், துணி தூசியைத் தடுக்கும், காற்று போய் வரும்.

ஜாமுக்குக் காட்டிக்கொடுக்கும் வேலையைப் பொத்தானே பாதி செய்துவிடுகிறது. கீழே போன ஜாடியை ஒரு முறை திறந்தால் மேலே எழும்பி நிற்கும், மறுபடி சூடு பண்ணாமல் உள்ளே இறக்க முடியாது. தேனில்தான் சிக்கல். தேனைச் சூடாக ஊற்ற முடியாது, ஊற்றவும் கூடாது. அதனால் வெற்றிடம் இல்லை, பொத்தான் மேலேயே நிற்கும். இன்னும் வேடிக்கை என்னவென்றால், இங்கே மூடிய தேன் ஜாடி கீழே போனதும், வெளிக்காற்றின் அழுத்தத்தில் சில மூடிகளின் பொத்தான் தானாக உள்ளே போய்விடுகிறது, சிலவற்றில் போவதில்லை. திண்டுக்கல்லில் பொத்தான் மேலே இருந்தால் அது திறந்த ஜாடியா, மூடியின் தகரம் கொஞ்சம் கனமா என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே தேனுக்குப் பொத்தான் இல்லாத சமமூடிக்கு மாறினோம். பொய் சாட்சி சொல்லக்கூடிய அடையாளம் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல்.

தேனுக்குக் காற்றைவிட ஈரம்தான் எதிரி. தேன் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும், எங்கள் ஊர் மூடுபனியில் கேட்கவே வேண்டாம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மீறினால் புளித்து நுரை கட்டி, வாயு சேர்ந்து மூடியைத் தூக்கும். பாறையில் கூடு கட்டும் பெரிய தேனீயின் பாறைத்தேன் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேயே வரும், பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் தேனீயின் அடுக்குத்தேன் கொஞ்சம் கெட்டி. எல்லை தாண்டிய தேனை நாங்கள் இறுக மூடிய ஜாடியில் அடைப்பதில்லை. அப்புறம், ஊற்றும்போது வாயில் வழிந்த தேனை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். தேன் 14 டிகிரி வாக்கில்தான் வேகமாக உறையும். எங்கள் ஊர் இரவு அதற்கென்றே இருக்கிறது. விளிம்பில் ஒட்டிய தேன் உறைந்து குருணையானால் வளையத்தைத் தூக்கிவிடும்.

சரி, கை புகாமல் தடுப்பது எப்படி? அக்கா வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். நான் என்ன முத்திரை செய்தாலும் அவரிடம் கொடுத்து உடைக்கச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாளே அவர் சொன்னது: "மாப்ளே, தொறக்க முடியுமான்னு கேக்காத. எல்லாத்தையும் தொறக்கலாம். தொறந்தது தெரியாம மூட முடியுமான்னு கேளு."

முதலில் மெழுகு. தேன் எடுத்த அடையிலேயே தேன்மெழுகு கிடைக்கிறது. ஆனால் வெறும் மெழுகு மிருது, 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய குங்கிலியம் என்ற மரப்பிசினைப் பொடித்து, எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு சேர்த்தால் கெட்டிப்படுகிறது. இதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்க முடியாது. இங்கே தண்ணீர் ஏறுவதே 93 தான், குங்கிலியம் இளக நூறு டிகிரிக்கு மேல் வேண்டும். கனமான இரும்புச் சட்டியில் மிகச் சின்னத் தீயில், பக்கத்திலேயே நின்று, மூடுவதற்குத் தட்டு கையில் வைத்துக்கொண்டு உருக்க வேண்டும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியின் விளிம்பும் கண்ணாடியின் தோளும் சேரும் இடத்தில் இந்த மெழுகை விட்டு, பித்தளை முத்திரையை அழுத்தினேன். தபால் நிலையத்தில் பார்சலுக்கு அரக்கு வைப்பார்களே, அந்த முறை.

மச்சான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஜாடியைத் தூக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வந்து விரல் நகத்தால் நெம்பினார், முத்திரை முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் கையில் வந்தது. குளிரில் மெழுகு சுருங்குகிற அளவுக்குக் கண்ணாடி சுருங்குவதில்லை. வழவழப்பான பரப்பில் பிடிப்பும் இல்லை. திரும்ப ஒட்ட அவருக்கு ஒரு தீக்குச்சி போதுமாக இருந்தது.

அதனால் மெழுகுக்கு அடியில் கிழியக்கூடிய ஒன்று வேண்டும். பட்டம் விடும் மெல்லிய தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, மூடியிலிருந்து கண்ணாடிக்கு இறங்குகிற மாதிரி ஒட்டினேன். ஒட்டுவதற்குத் தச்சர்கள் பூசும் அரக்கு பாலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பசை போட்டால் ஆவி காட்டி உரித்துவிடுவார்கள். பட்டத் தாளில் இன்னொரு வசதி: அதன் சிவப்புச் சாயம் தண்ணீர் பட்டால் கசியும். ஆவி காட்டியவர் கையிலும் கண்ணாடியிலும் சிவப்பு இறங்கும். ஸ்பிரிட்டில் சாயம் போகாமல் தண்ணீரில் மட்டும் போகிற தாளாகப் பார்த்து எடுக்க வேண்டும். துண்டு கிழித்து இரண்டிலும் முக்கினால் தெரிந்துவிடும். கண்ணாடி பனியில் வேர்த்திருந்தால் எதுவும் ஒட்டாது, ஜாடியை வெயிலில் காட்டிவிட்டுத்தான் வேலை.

அடுத்த முறை அவர் சூடான பிளேடால் இணைப்பை அறுத்துத் திறந்தார். பிறகு தாளையும் மெழுகையும் சுரண்டி எடுத்துவிட்டு, எங்கள் முத்திரையைப் பார்த்தே பித்தளையில் இன்னொன்று வெட்டிப் புதிதாகப் போட்டார். பூட்டுக்காரருக்கு அது ஒரு மாலை வேலை. அச்சு என்று ஒன்று இருந்தால் அதை நகல் எடுக்க ஒருவர் இருப்பார் என்பது அப்போது எனக்கு உறைத்தது. எனவே அச்சையே விட்டோம். மெழுகு இளகியிருக்கும்போதே ஒரு சிட்டிகை கடுகும் தினையும் தூவுகிறோம். கறுப்பும் மஞ்சளுமாகச் சிதறி விழுந்து, பாதி முங்கி, பாதி வெளியே தெரிய நின்றுவிடுகின்றன. எங்கே எது விழும் என்று தூவுகிற எனக்கே தெரியாது. ஆறியதும், ஜாடியின் வரிசை எண் பக்கத்தில் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைக்கிறோம். லேபிளில் உள்ள கியூஆர் குறியை வாங்கியவர் ஸ்கேன் பண்ணினால் அந்த ஜாடியின் படம் வரும். பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்க்கலாம்.

மச்சான் இதில் ரொம்ப நேரம் உட்கார்ந்தார். ஊசியால் கடுகை ஒவ்வொன்றாக எடுத்து, படத்தைப் பார்த்து நட்டார். நாலைந்து சரியாக வந்தது. ஆனால் இளகிய மெழுகில் ஒன்றை நடும்போது பக்கத்தில் இருப்பது நகர்கிறது. சாய்ந்து கிடக்கும் கடுகின் காம்புத் தழும்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுவரை படத்தில் தெரிகிறது. கடைசியில் முத்திரையை விட்டுவிட்டு, மூடியின் நடுவில் மெல்லிய துளை போட்டு ஊசி இறக்கலாம் என்று காட்டினார். நாங்கள் மூடியின் மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம், துளை அதற்கடியில் ஒளிந்துகொண்டது. இப்போது மேல்பக்கம் ஒன்றும் ஒட்டுவதில்லை. வெறும் தகரம், துளை இருந்தால் பளிச்சென்று தெரியும்.

1982-இல் சிகாகோவில் டைலினால் என்ற வலிநிவாரணி மருந்தின் கேப்சூல் புட்டிகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். கலந்தவர் யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. அதற்குப் பிறகு அதே மருந்து ஒட்டிய அட்டைப்பெட்டி, கழுத்தில் பிளாஸ்டிக் உறை, வாயில் அலுமினியத் தாள் என்று மூன்று காவலோடு வந்தது. ஒவ்வொன்றையும் தனியே ஏமாற்றலாம், மூன்றையும் தடயம் இல்லாமல் தாண்டுவது கடினம். நாங்களும் அந்த வழியில்தான் போகிறோம்: கிழியும் தாள், சிதறிய கடுகு, வெறும் மூடி. ஜாடி வாயில் அலுமினியத் தாளை, மின்காந்தத்தால் சூடாக்கும் இண்டக்‌ஷன் மெஷினில் ஒட்டுவதையும் விசாரித்தேன். பிளாஸ்டிக் ஜாடிக்கு அருமையான முறை. தகர மூடியோடு அது நடக்காது, மூடியே சூடாகிவிடும். கண்ணாடிக்கென்று தனித் தாளும் பிளாஸ்டிக் மூடியும் தேவை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இவ்வளவு கட்டுப்பாடு உள்ள ஊரில் கண்ணாடியை விட்டு இறங்க எனக்கு மனசில்லை.

இப்போது பக்கத்து வீட்டு அண்ணன் நீலகிரித் தைலத்துக்கும் இதே மாதிரி வேண்டும் என்கிறார். அது வேறு கணக்கு. தைலம் ரப்பர் வாஷரை உப்ப வைக்கும், தெர்மாகோலைக் கரைத்தே விடும், ஆவியாகவும் தப்பிப் போகும். பிளாஸ்டிசால் வளையத்தை அதனிடம் நம்பி விட முடியாது. பாலித்தீன் வாஷர், அலுமினியத் தாள் சுற்றிய கார்க், டெஃப்லான் வில்லை என்று மூன்று விதமாக மூடிய புட்டிகள் ஜன்னல் ஓரம் தலைகீழாக நிற்கின்றன. வாரா வாரம் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு வருகிறேன். மழைக்காலம் முடிகிறவரை பார்த்துவிட்டு அதை எழுதுகிறேன்.